பத்து செகண்ட் பேசினது அஞ்சேகால் செகண்ட்ல முடியுது, எங்க தப்பு?

வேலந்தாவளம் பையன் | வெள்ளி இரவு 9.12

வணக்கமுங்க. பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். வீடு வேலந்தாவளத்துல, செக்போஸ்ட் தாண்டி கேரளா பக்கம். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். இப்ப புஸ்தகம் இங்கிலீஷ், சார் விளக்கறது மலையாளம், எனக்கு மண்டைக்குள்ள ஓடறது தமிழ். மூணும் ஒண்ணா சேர மாட்டேங்குது, அதான் இங்க வந்து கேக்கறேன்.

ப்ராஜெக்ட் இதுதான்: குரலை டிஜிட்டலா மாத்தி வயர்ல அனுப்பணும். அர்டுயினோ ஊனோன்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, சின்ன மைக் மாட்யூல். டெலிபோன்ல எடுக்கற மாதிரியே செகண்டுக்கு 8000 சாம்பிள், அதாவது 8000 தடவை சத்தத்தை அளக்கறது, ஒவ்வொண்ணும் 8 பிட். ஒரு செகண்டை 8000 பங்கா போட்டா ஒரு பங்கு 125 மைக்ரோசெகண்ட். அதனால லூப்புக்குள்ள இப்படி எழுதினேன்: அனலாக்ரீட் பண்ணு (மைக் வோல்ட்டேஜை எண்ணா அளக்கறது), 10 பிட்ல கீழ் ரெண்டைத் தள்ளிட்டு 8 பிட்டா சீரியல்ல அனுப்பு, 125 மைக்ரோசெகண்ட் நில்லு, மறுபடி முதல்ல இருந்து. லேப்டாப்ல பைத்தான் பத்து செகண்டுக்கு வாங்கி ஃபைலா வைக்குது. அதை ஆடாசிட்டிங்கற ஆடியோ சாஃப்ட்வேர்ல 8000-ன்னு சொல்லித் திறந்தா என் குரல் எலிக்குஞ்சு கத்தற மாதிரி இருக்கு. பத்து செகண்ட் பேசினது அஞ்சேகால் செகண்ட்ல முடிஞ்சிருது.

லேப்ல காட்டினேன். மைக் கம்ப்ளெயிண்ட், மாத்துன்னாங்க. மாத்தினேன். காசு போச்சு, எலிக்குஞ்சு போகலை.

மைக்செட்காரன் | வெள்ளி இரவு 9.30

மைக் கெட்டா கரகரங்கும், இல்லைன்னா ஊமையாயிரும். வேகமா ஓடாது தம்பி. கேசட் காலத்துல பேட்டரி இறங்கின டேப்ரெக்கார்டர்ல பதிவு பண்ணிட்டு, புது பேட்டரி போட்டுக் கேட்டா இதே எலிக்குஞ்சுதான் வரும். பதிவாகும்போது எதுவோ மெதுவா ஓடியிருக்கு.

எக்ஸ்சேஞ்ச் தாத்தா | வெள்ளி இரவு 9.41

மைக்செட்காரர் பாதி சொல்லிவிட்டார். தம்பி, அந்த ஃபைல் எத்தனை பைட்டு என்று பார்த்துச் சொல். அதுவரை எதையும் கழற்றாதே.

வேலந்தாவளம் பையன் | வெள்ளி இரவு 9.44

42,000 சொச்சம் இருக்குதுங்க ஐயா.

எக்ஸ்சேஞ்ச் தாத்தா | வெள்ளி இரவு 10.05

பத்து செகண்டுக்கு 80,000 இருக்க வேண்டும். 42,000 இருக்கிறது. அப்படியென்றால் நீ செகண்டுக்கு 4200 தான் எடுக்கிறாய். 4200-ஐ 8000 வேகத்தில் ஓட்டினால் எலிக்குஞ்சு வராமல் யானையா வரும்?

இனி திருப்பிப் போடு. ஒரு செகண்டை 4200-ஆல் வகுத்தால் ஒரு சாம்பிளுக்கு 238 மைக்ரோசெகண்ட். நீ நிற்கச் சொன்னது 125. மீதி 113 எங்கே? அளக்கிற வேலைக்கே போய்விட்டது. உன் போர்டில் இருக்கும் சிப் மந்திரம் போட்ட மாதிரி உடனே எண் சொல்லாது. 16 மெகாஹெர்ட்ஸை 128-ஆல் வகுத்து வரும் 125 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 13 தட்டு தட்டித்தான் ஒரு எண்ணைச் சொல்லும். 13 தட்டுக்கு 104 மைக்ரோசெகண்ட். மிச்சம் ஒன்பது, சீரியலில் தள்ளுவதற்கும் லூப் சுற்றி வருவதற்கும். கணக்கு நேராகிவிட்டது.

"அளந்த பிறகு 125 நில்" என்று எழுதியிருக்கிறாய். "125-க்கு ஒரு தரம் அள" என்று எழுத வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. டைமர் இன்டரப்ட் வைத்துச் செய், நேரம் வந்ததும் சிப்பை அதுவே தட்டிக் கூப்பிடும். அளக்கும் கடிகாரத்தை இரட்டிப்பாக்கினால் 52 மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும், 8 பிட்டுக்கு அது தாராளம்.

வேலந்தாவளம் பையன் | வெள்ளி இரவு 10.11

ஐயா!! புரிஞ்சிருச்சுங்க. நாளைக்கு மாத்திட்டு சொல்றேன். இன்னொரு சந்தேகம், கேட்டா சிரிக்கக் கூடாது. 125 மைக்ரோசெகண்டுக்கு ஒருக்கா பார்க்கறோம் சரி. நடுவுல நடந்தது என்னாகும்? அது போயிருச்சுதானே?

பழைய ரிக்கார்டு பிரியர் | வெள்ளி இரவு 11.20

போய்த்தான் போச்சு. இதைத்தான் நானும் வருஷக்கணக்கா சொல்றேன், யார் கேக்கறாங்க. டிஜிட்டல்னா படிக்கட்டு. வளைவா இருந்ததை வெட்டிப் படியாக்கி வைக்கறாங்க. ரிக்கார்டு பிளேட்ல முள் ஓடுற சுகம் இதுல வருமா?

கணக்கு வாத்தியார், சித்தூர் தாலுகா | சனி காலை 6.50

சுகம் வேறு, கணக்கு வேறு. ரிக்கார்டு பிரியரின் சுகத்தில் நான் கை வைக்கவில்லை, படிக்கட்டில் மட்டும் வைக்கிறேன்.

ஒரு குறிகையில் (சிக்னலில்) 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், செகண்டுக்கு 8000-க்கு மேல் புள்ளிகள் எடுத்தாலே போதும். அந்தப் புள்ளிகள் வழியே போகக்கூடிய வளைவு ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது வளைவு வரைய முயன்றால் அதில் எங்காவது ஒரு நெளிவு கூடுதலாக வரும். அந்த நெளிவு 4000-ஐத் தாண்டிய அதிர்வெண். அது இல்லை என்றுதான் முதலிலேயே சொல்லிவிட்டோமே. ஆகவே நடுவில் நடந்தது "போகவில்லை". புள்ளிகளே அதைச் சொல்லிவிடுகின்றன. படிக்கட்டு என்பது எண்ணை மறுபடி ஒலியாக்கும் கருவியின் வாயில் ஒரு கணம் தெரிவது. அதற்குப் பின்னால் உள்ள வடிகட்டி அதை வழித்துவிட்டுத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

நைக்விஸ்ட் 1928-இல் தந்திக்காக எழுதியதில் இதன் வேர் இருக்கிறது. ரஷ்யாவில் கோட்டெல்னிக்கோவ் 1933-இலேயே தெளிவாகச் சொன்னார். ஷானன் 1949-இல் சொன்ன பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. குரலை எண்ணாக்கி அனுப்பலாம் என்ற யோசனை அதற்கு முன்பே வந்துவிட்டது: பாரிஸில் வேலை பார்த்த ஆங்கிலேயர் அலெக் ரீவ்ஸ், 1937. அப்போது டிரான்ஸிஸ்டர் கிடையாது. அவர் சொன்னதைச் செய்ய அலமாரி அலமாரியாகப் பழைய ரேடியோ வால்வு வேண்டும். யோசனை காகிதத்தில் கிடந்தது. அமெரிக்காவில் 1962-இல்தான் ஊர் டெலிபோன் லைனில் ஓட ஆரம்பித்தது.

"உறுதியாகத் தெரிந்தால்" என்று ஒரு வார்த்தை போட்டேன், கவனித்தீர்களா? பையனுக்கு அடுத்த அடி அங்கேதான் விழும்.

வேலந்தாவளம் பையன் | ஞாயிறு மாலை 7.15

விழுந்துருச்சுங்க வாத்தியாரே.

டைமர் போட்டேன். என் குரல் என் குரல் மாதிரியே வருது, அம்மாகூட ஒத்துக்கிட்டாங்க. அந்தக் குஷியில மாரியம்மன் கோயிலுக்கு லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனேன். எங்க ஊர்ப் பொங்கல்ல நாதஸ்வரமும் இருக்கும், செண்டைமேளமும் இருக்கும், தெரியுமில்ல. செண்டை பரவாயில்லை. ஆனா இலைத்தாளம் (செண்டையோட தட்டற வெண்கலத் தாளம்) தட்டற இடத்துல எல்லாம் அடியில ஒரு ஊளை மாதிரி கேக்குது. நேர்ல "ஜிங்"னு உசரத்துல கேட்டது, பதிவுல கீழே எங்கயோ இழுக்குது. அப்படி ஒரு சத்தம் கோயில்ல இல்லவே இல்லை, சத்தியமா. ஆடாசிட்டியில ஃபில்டர் போட்டுப் பார்த்தேன், ஊளையைக் குறைச்சா நாதஸ்வரமும் சேர்ந்து போகுது.

கணக்கு வாத்தியார், சித்தூர் தாலுகா | ஞாயிறு இரவு 8.30

நம்ம ஊரில் விளக்குவதற்குக் கையிலேயே சாமான் இருக்கிறது. முண்டு.

முண்டை மடித்துக் கட்டும்போது என்ன ஆகிறது? முழங்காலில் மடிப்பு; கீழே கணுக்காலில் இருந்த கரை இடுப்புக்கு வந்துவிடுகிறது. இடுப்பு பூஜ்யம், முழங்கால் 4000, கரை 8000 என்று வைத்துக்கொள். மடிப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்த 5000, மடித்த பிறகு 3000-இன் மேல் படியும். 6500 வந்து 1500-இல் உட்காரும். கரையை ஒட்டி இருந்த 7200, இடுப்பை ஒட்டி 800-க்கு வந்துவிடும். இலைத்தாளத்தின் சத்தம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான். எல்லாம் மடிந்து நாதஸ்வரத்தின் மேல் விழுந்திருக்கிறது. உன் ஊளை அதுதான்.

விழுந்த பிறகு பிரிக்க முடியாது. உண்மையான 1500 எது, மடிந்து வந்த 1500 எது என்று எண்களைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வடிகட்டி எண்ணாக்குவதற்கு முன்னாலேயே, வயரிலேயே இருக்க வேண்டும்.

மைக்செட்காரன் | ஞாயிறு இரவு 8.52

வாத்தியாரு கிளாஸ்ல முண்டை மடிச்சுக் காட்டித்தான் நடத்துவாரு போல.

தம்பி, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 நானோ கப்பாசிட்டர். மைக் மாட்யூலுக்கும் போர்டுக்கும் நடுவுல. 3400 ஹெர்ட்ஸ்கிட்ட வெட்டும். ரெண்டும் சேர்ந்து டீக்காசு.

எக்ஸ்சேஞ்ச் தாத்தா | ஞாயிறு இரவு 9.20

வெட்டும் என்பது பெரிய வார்த்தை. வழுக்கும். அந்த ஒற்றை ரெசிஸ்டர், ஒற்றை கப்பாசிட்டர் 5000-இல் வெறும் 5 டெசிபல்தான் குறைக்கும். ஊளை கொஞ்சம் அடங்கும், ஒழியாது. ஆப்-ஆம்ப் என்ற ஆம்ப்ளிஃபயர் சிப் வைத்து இரண்டு மூன்று படியாகப் போடு. எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு சந்தாதாரர் லைனுக்கும் கார்டிலேயே நல்ல செங்குத்தான வடிகட்டி உண்டு. 300-லிருந்து 3400 வரை உள்ளே விடும். 3400-க்கும் 4000-க்கும் நடுவில் விட்ட காலி இடம் எதற்கு? வடிகட்டி வழுக்கி இறங்குவதற்கு. 8000 என்ற எண் வந்த கதையே அதுதான்.

போனில் "எஃப்" என்றால் "எஸ்" என்று கேட்டு, "எஸ் ஃபார் சேலம்" என்று கத்துகிறோமே, அதற்கும் காரணம் இந்த 3400 தான். அந்த இரண்டு ஓசையையும் பிரித்துக் காட்டும் சீறல் அதற்கு மேலே இருக்கிறது, வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

ஒழலப்பதி ஆள் | ஞாயிறு இரவு 9.37

ஓ, அதனாலதான் இப்ப 4ஜி வோல்ட்டி கால்ல "எஃப்" தெளிவா கேக்குதா? நம்ம பக்கம்தான் வீட்டு முன்வாசல்ல கேரளா டவர், கொல்லையில தமிழ்நாடு டவர். முன்னெல்லாம் கொல்லைக்குப் போய்ப் பேசினா ரோமிங்னு காசு பிடிச்சாங்க.

எக்ஸ்சேஞ்ச் தாத்தா | ஞாயிறு இரவு 9.50

ஆம். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் அதில் செகண்டுக்கு 16,000 எடுக்கிறார்கள், 7000 ஹெர்ட்ஸ் வரை வரும். ரோமிங் பற்றித் தனி இழை போடவும், எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

வேலந்தாவளம் பையன் | திங்கள் இரவு 8.05

இன்னொண்ணு கேக்கணும். 8 பிட்னா 256 படிதான். மைக் பக்கத்துல பேசினா நல்லாருக்கு. தள்ளி நின்னு மெதுவா பேசினா பின்னாடி ஒரு கரகரப்பு. ஆனா டெலிபோன்லயும் அதே 8 பிட்தானே, அங்க மெதுவா பேசினாலும் நல்லாத்தான கேக்குது?

எக்ஸ்சேஞ்ச் தாத்தா | திங்கள் இரவு 9.15

நல்ல கேள்வி. பரீட்சைக்குப் படிக்கிறவன் கேட்க மாட்டான், காதால் கேட்டவன்தான் கேட்பான்.

நெல் மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் குன்றிமணித் தங்கத்தை வைத்தால் முள் அசையாது. தட்டான் தராசில் மூட்டையை ஏற்ற முடியாது. உன் 8 பிட் ஒரே தராசு, எல்லாவற்றுக்கும் ஒரே படி. ஒவ்வொரு பிட்டுக்கும் 6 டெசிபல் என்பது கணக்கு; முழு அளவுக்குப் பேசினால் உனக்கு 50 டெசிபல் தூய்மை கிடைக்கும். 40 டெசிபல் இறக்கிப் பேசினால் மிச்சம் 10. அந்தக் கரகரப்பு இதுதான்.

டெலிபோனில் தராசு மாறிக்கொண்டே இருக்கும். எட்டு பிட்டில் ஒன்று கூட்டலா கழித்தலா என்பதற்கு. மூன்று, எந்தத் தராசு என்பதற்கு. கடைசி நான்கு, அந்தத் தராசில் பதினாறில் எந்தப் படி என்பதற்கு. மெல்லிய குரலுக்குக் கிடைக்கும் படி 12 பிட் தராசின் படிக்குச் சமம். கத்தினால் 6 பிட் தராசின் படிதான். கத்துகிற சத்தத்தில் அந்தக் கரகரப்பு யார் காதுக்கும் தெரியாது. இந்த விதிக்கு ஏ-லா என்று பெயர். நாமும் ஐரோப்பாவும் இதைப் பிடித்தோம், அமெரிக்காவும் ஜப்பானும் மியூ-லா என்று சற்று வேறு விதமாகப் போயின. ஜி.711 என்று 1972-இல் உலகத் தரமானது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்னக் குசும்பு உண்டு. யாரும் பேசாத லைனில் என்ன எண் ஓட வேண்டும்? எல்லாம் பூஜ்யமாக ஓடினால் எதிர் முனையில் இருப்பவனுக்குத் தட்டு எங்கே விழுகிறது என்றே தெரியாமல் கடிகாரம் தவறிவிடும். அதனால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிட்டைத் திருப்பிப் போட்டு அனுப்புகிறார்கள். மௌனமான லைனில் 11010101, 11010101 என்று ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரி ஷிப்ட்டில் அனலைசரில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊரே தூங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பழைய ரிக்கார்டு பிரியர் | திங்கள் இரவு 9.40

இவ்வளவு வித்தை எதுக்குங்க? அனலாக்லயே நேரா அனுப்பிட்டா முடிஞ்சுது. படியும் இல்லை, தராசும் இல்லை.

எக்ஸ்சேஞ்ச் தாத்தா | திங்கள் இரவு 10.30

நேராக அனுப்பிய காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். டிரங்க் கால் போட்டுவிட்டு, ஊரே கேட்கிற மாதிரி கத்துவார்கள். வழியில் குரல் மெலியும், ஆம்ப்ளிஃபயர் வைப்போம். அது குரலோடு இரைச்சலையும் சேர்த்து வளர்க்கும். அடுத்த ஆம்ப்ளிஃபயர் அந்த இரைச்சலையும் தன் இரைச்சலையும் வளர்க்கும். எண்ணாக்கிவிட்டால், வழியில் இருக்கும் ரிப்பீட்டர் "இது ஒன்றா பூஜ்யமா" என்று மட்டும் பார்த்துப் புதிதாக ஒன்று செய்து அனுப்பும். பழைய இரைச்சல் அங்கேயே செத்துவிடும். ஒரு தரம் எண்ணாக்கும்போது பட்ட அடிதான். அதற்கு மேல் தூரத்தால் அடி படுவதில்லை.

நம்ம நாட்டுக்கு இது வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சி-டாட் என்ற அரசாங்க டெலிபோன் ஆராய்ச்சி மையத்தை 1984-இல் தொடங்கினார்கள். அவர்கள் செய்த 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்சுக்கு ஏசி தேவையில்லை, அதுதான் பெரிய விஷயம். ஒரு சின்ன அறை, பேட்டரி, அவ்வளவுதான். வாளையார் தாண்டி கஞ்சிக்கோட்டில் டெலிபோன் கருவி செய்யும் அரசாங்க ஐடிஐ ஃபாக்டரி 1976-இலிருந்து இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் கார்டுகளில் கை வைத்துத்தான் தொழில் பழகினார்கள்.

இப்போது என் சொந்தக் கதை. வேலை பார்த்த இடம் வேண்டாம். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு எக்ஸ்சேஞ்ச், அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் 2 எம்பி லிங்க், அதாவது செகண்டுக்கு 2 மெகாபிட். அதில் 32 அறைகள். 30-இல் பேச்சு, ஒன்று வரிசை தவறாமல் பிடித்துக்கொள்ள, ஒன்று யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்ற தகவலுக்கு. 32 அறை, 8 பிட், செகண்டுக்கு 8000 தரம்: 20,48,000 பிட். பேச்சு கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு ஜவுளி ஆபீஸ் மட்டும் தினமும் புகார்: ஃபேக்ஸ் பாதியில் அறுகிறது, எழுத்துக்கு நடுவில் கோடு விழுகிறது.

மூன்று நாள் தேடினோம். கேபிளை மாற்றினோம், கார்டை மாற்றினோம், உன் லேபில் மைக்கை மாற்றச் சொன்னார்களே, அதே புத்தி. பிட் பிழை ஒன்றுகூட இல்லை. நான்காம் நாள் லைனில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மிகச் சின்னதாக ஒரு "டிக்". கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக 25 செகண்டுக்கு ஒன்று. காசு எண்ணுகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது.

இரண்டு எக்ஸ்சேஞ்சும் அவரவர் சொந்தக் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவன் 8000 அனுப்புகிறான்; மற்றவனுடைய 8000 ஒரு மயிரிழை மெதுவு. பத்து லட்சத்தில் ஐந்து. மிச்சம் சேர்ந்து சேர்ந்து, 25 செகண்டில் ஒரு முழு 125 மைக்ரோசெகண்ட் ஆகிவிடும். வைக்க இடமில்லாமல் ஒரு சாம்பிளைத் தூக்கிப் போடுவான். பேசுகிற மனிதனுக்கு அது தெரியாது. ஃபேக்ஸுக்குத் தெரியும். "உன் கடிகாரத்தை விடு, லைனில் வருவதிலிருந்து எடுத்துக்கொள்" என்று ஒரு பக்கம் ஒரே ஒரு கட்டளை கொடுத்தோம். அன்றைக்கே நின்றது.

எண்ணாக்குவது என்றால் எல்லோரும் எத்தனை பிட், எத்தனை பிட் என்றே கேட்கிறார்கள். நான் பார்த்த பழுதில் பாதிக்கு மேல் நேரத்தில் இருந்தது.

வேலந்தாவளம் பையன் | புதன் இரவு 8.48

ரெண்டு படி ஃபில்டர் போட்டேனுங்க. இலைத்தாளம் இப்ப மொக்கையா கேக்குது, டெலிபோன்ல கேக்கற மாதிரி, ஆனா ஊளை இல்லை. லேப்ல ஓகே சொல்லிட்டாங்க.

ஐயா சொன்னதைப் படிச்சதுக்கப்புறம் ஃபைல் அளவை மறுபடி பார்த்தேன். சரியா வரணும்னு நூறு செகண்ட் ஓட்டினேன். 8,00,000 இருக்கணும். 7,98,700 தான் இருக்கு. நூறு செகண்டுக்கு 1300 குறையுது. டைமர் கணக்கை மூணு தடவை சரிபார்த்துட்டேன், அதுல தப்பு இல்லை.

எக்ஸ்சேஞ்ச் தாத்தா | புதன் இரவு 9.02

உன் போர்டில் கடிகாரமாக இருப்பது குவார்ட்ஸா, செராமிக் ரெசொனேட்டரா என்று பார். செராமிக் என்றால் இவ்வளவு விலகல் சகஜம், குரலில் உனக்குத் தெரியவும் தெரியாது.

ஆனால் செகண்டுக்கு 13 சாம்பிள். என் எக்ஸ்சேஞ்சில் இந்தக் கடிகாரம் இருந்திருந்தால் அந்த "டிக்" 25 செகண்டுக்கு ஒன்று வந்திருக்காது, செகண்டுக்குப் பதின்மூன்று வந்திருக்கும். ஜவுளிக்காரர் நேரில் வந்திருப்பார்.

வேலந்தாவளம் பையன் | புதன் இரவு 9.10

செராமிக்தானுங்க 😄